டர்போ குடித்த எண்ணெய்

எங்கள் வீட்டில் வேண்டுதல் வைப்பது என் வேலை, நிறைவேற்றுவது என் வீட்டுக்காரர் வேலை. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, வில்லியனூரைச் சுற்றியுள்ள மாதா கோயில் பங்குக் கிராமங்களில் எல்லா வீட்டிலும் இதே ஏற்பாடுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் வேண்டிக்கொள்வாள், மொட்டை பிள்ளைக்கு விழும். மாமியாருக்கு மூட்டுவலி என்றால் மருமகள் வேண்டிக்கொள்வாள். வலி தீர்ந்ததும் மாமியார் கோயிலுக்கு முட்டி போட்டுப் போவாள், மூட்டுவலி திரும்ப வரும். யாருக்காக வேண்டுகிறோமோ அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேண்டுகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். பாகூர்ப் பக்கத்தில் நிறைய நிலம் வைத்திருந்த ஒருவர்தான் முதலாளி. கரும்பு வெட்டுகிற காலத்தில் பாகூரிலிருந்து சர்க்கரை ஆலைக்குக் கரும்பு, மற்ற நாளில் நெல், செங்கல், எரு என்று கிடைத்த லோடு. எங்கள் ஊர் எல்லை எலி கடித்த துணி மாதிரி. ஒரு லோடு போய்த் திரும்புவதற்குள் வண்டி தமிழ்நாட்டுக்குள் போகும், பாண்டிச்சேரிக்குள் வரும், மறுபடி போகும், மறுபடி வரும். வழியில் வில்லியனூரைத் தாண்டாமல் மட்டும் போக முடியாது.

பழைய லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், சங்கராபரணி ஆற்றுப் பாலத்துக்கு இறங்குகிற சரிவில் லோடோடு பிரேக் பிடிக்காமல் போனது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, ஒரு புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளி, சேற்று வயலில் புதைந்து நின்றது. இவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. மனுஷன் கரையேறி, டீ குடித்து, பீடி பற்றவைத்து, வீட்டுக்கு வந்து, “வண்டி வயல்ல நிக்குது” என்று மட்டும் சொன்னார். மீதிக் கதையைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலையிலேயே வில்லியனூர் மாதா கோயிலுக்கு ஓடினேன். “இனிமேல் உன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிவிட்டுத்தான் போவார்” என்று மாதாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்ஜினை அணைக்கிற யோசனை என்னுடையது, மாதா கேட்கவில்லை. வண்டி உறுமிக்கொண்டிருக்க ஜெபம் சொல்வது, வாயில் சோற்றை அடைத்துக்கொண்டு சாமியாரிடம் பேசுகிற மாதிரி என்று எனக்குப் பட்டது.

விஷயத்தைச் சொன்னதும் இவர் “செரி” என்றார். அந்த ஒற்றை வார்த்தையிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குருத்தோலை ஞாயிறு, கிறிஸ்துமஸ் என்று வருஷத்துக்கு இரண்டு நாள்தான் இவர் கோயிலுக்குள் கால் வைப்பார். லாரி ஸ்டாண்டில் யாராவது கழுத்தில் ஜெபமாலை போட்டுக்கொண்டு வந்தால் “வாங்க சாமியாரே” என்று கும்பிடு போடுகிற முதல் ஆள் இவர்தான். இப்படிப்பட்ட ஆள் நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு ஜெபம் சொல்வாரா? ஒவ்வொரு நாளும் வந்ததும், “நிறுத்துனியா?” என்று கேட்பேன். “உம்” என்பார். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாலும் அதே “உம்”தான். அதை வைத்து நான் எதை நம்புவது?

நாலு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. எண்பதுகள் முடியப்போகிற நேரத்தில் முதலாளி புது லாரி எடுத்தார். டர்போ வண்டி. எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் என்று பேசிக்கொண்டார்கள். வெளியே வீணாகப் போகிற புகையைப் பிடித்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சக்கரத்தின் வேகத்தில் இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் தள்ளுகிற சாமானாம் டர்போ. இவர் விளக்கிச் சொன்னபோது எனக்கு உடனே பிடித்துப்போனது. மிஞ்சின சோற்றில் வடகம் போடுகிறவள் நான், எனக்கு ஏன் பிடிக்காது? லோடோடு வரும்போது விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வேறு கேட்கும். அதைக் கேட்டுத்தான் நான் உலை வைப்பேன்.

சில மாதம் கழித்துப் பிரச்சினை ஆரம்பித்தது. இன்ஜின் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் சில சமயம் போய்விடும். தரையில் ஒரு சொட்டு இல்லை. வண்டிக்கு அடியில் கோணிப் பையை விரித்துவைத்துப் பார்த்தார் இவர். கோணி, கடையில் வாங்கின அன்றைக்கு இருந்தது மாதிரியே இருந்தது.

சிந்தாமல் சிதறாமல் எண்ணெய் காணாமல் போனால் முதலாளி யாரைச் சந்தேகப்படுவார்? முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார். அப்புறம் சிரிக்காமல் கேட்டார். அப்புறம் கேட்கவே இல்லை, தானே வந்து இன்ஜினில் எண்ணெய் அளக்கிற குச்சியை உருவிப் பார்த்துவிட்டுப் போனார். மடுகரைப் பக்கம் ஒரு டீக்கடையில் இவர் டின்னில் எண்ணெய் விற்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. எந்த டீக்கடை என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துப்புத் துலக்க நானே இறங்கினேன். வண்டி எங்கள் வீட்டுக்கு முன்னால்தான் நிற்கும். சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் பானெட்டைத் திறக்கச் சொல்லி, குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் எதுவரை நனைத்திருக்கிறது என்று பார்த்து ஆணியால் கோடு போட்டேன். விடிந்ததும் மறுபடி பார்த்தேன். எண்ணெய் ஏறியிருந்தது.

நான் அப்படியே ரோட்டில் முட்டி போட்டுவிட்டேன். “மாதா புதுமை பண்ணிட்டா, எண்ண தானா ஊறுது” என்று நான் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி எண்ணெயைத் தொட்டு நெற்றியில் வேறு வைத்துக்கொண்டாள். பல் விளக்குகிற வேப்பங்குச்சியோடு வந்த இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஓடுன வண்டில எண்ண மேல எல்லா எடத்துலயும் இருக்கும்டி. நின்னதும் மெள்ள கீழ எறங்கும். காலைல பாத்தா கூடத்தான் தெரியும். எல்லாரும் போய் வூட்டு வேலய பாருங்க.”

அதற்கப்புறம் வண்டி ஆறும்வரை காத்திருந்து ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வீட்டு வாசலில் நிற்கும்போது எண்ணெய் குறையவில்லை. வெளியே போய் வந்தால் குறைந்தது. அப்படியென்றால் எண்ணெயை எடுப்பது ஒன்று வண்டி, இல்லையென்றால் இவர். இந்தக் கணக்கு மனசில் ஓடினபோது எனக்கே திடுக்கென்றது. ஊரை வாய்கிழியத் திட்டிவிட்டு, நானும் ஒரு நாள் இவர் சீட்டுக்கு அடியில் டின் இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தேன். ஒரு பழைய செருப்பும் இரண்டு வெங்காயமும்தான் இருந்தன. வெங்காயத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மதகடிப்பட்டு கூட்டு ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட் போட்டிருந்தார். என் தம்பி வயசு இருக்கும். பழைய வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். டர்போ அவருக்கும் புதுசு. ஆனால் ஆள் கெட்டிக்காரர். காலையில் வண்டியைக் கிளப்பச் சொல்லிப் பின்னால் நின்று புகையைப் பார்த்தார். நீலமாக வந்தது. எண்ணெய் எரிந்தால் புகை நீலமாக வருமாம். டர்போவிலிருந்து காற்று போகிற ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார், விரல் பளபளவென்று வந்தது. டர்போவின் சக்கரங்கள் இருக்கிற தண்டுக்கு இரண்டு பக்கமும் எண்ணெய் கசியாமல் அடைக்கிற சீல் இருக்கிறது, அது போய்விட்டது, எண்ணெய் அந்த வழியாகக் கசிந்து புகையோடு எரிந்துபோகிறது என்றார். டர்போவைக் கழற்றி விழுப்புரம் அனுப்பி சீல் மாற்றிக் கொண்டுவந்து பூட்டினார்.

ஒரு மாதம் நிம்மதி. மறுபடி எண்ணெய் இறங்கியது. இந்தத் தடவை காற்று வடிகட்டியில் குற்றம் கண்டுபிடித்தார். கரும்புத் தூசி அப்பி அது அடைத்துக்கொண்டிருந்தது. மூச்சு முட்டுகிற டர்போ, காற்றுக்குப் பதிலாக எண்ணெயை உறிஞ்சும் என்றார். வடிகட்டியைப் புதுசாகப் போட்டு, சீலையும் இன்னொரு தடவை மாற்றினார்.

முதலாளிக்கு இப்போது சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. டிரைவரும் மெக்கானிக்கும் கூட்டுச் சேர்ந்துகொண்டு டர்போ, சீல் என்று கதை விடுகிறார்கள் என்று நினைத்தார். நேரே வீட்டுக்கு வந்து இவரிடம், “இன்னொரு தடவ எண்ண கொறஞ்சா சாவிய குடுத்துட்டு போய்க்கினே இரு” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எண்ணெய் திருடி வேலை போன டிரைவருக்கு பாகூரிலிருந்து வில்லியனூர் வரை எவனும் ஸ்டியரிங்கைத் தொடவிடமாட்டான். இவருக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மண்வெட்டி பிடித்தால்கூட கியர் போடுகிற மாதிரிதான் பிடிப்பார்.

மூன்றாவது தடவையும் எண்ணெய் இறங்கியது. குச்சியில் அதைப் பார்த்தவள் நான்தான்.

இவர் பாகூரில் இருக்கிற முதலாளிக்கு ஆள் மூலம் தானே சொல்லி அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உட்கார முடியவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து மதகடிப்பட்டில் இறங்கி, ஷெட்டில் நாலு பேர் இருக்கும்போதே மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒரு தடவ சீலுங்கற, ஒரு தடவ தூசிங்கற. இன்னிக்கி என் வூட்டுக்காரரு திருடன்னு பேரெடுத்துக்கினு வூட்ல குந்தப்போறாரு. நீ வந்து எண்ண எங்க போவுதுன்னு காட்டு. இல்லன்னா இந்த போர்ட கழட்டிட்டு டீக்கட வையி.”

“அண்ணி, கத்தாதீங்க அண்ணி, வரேன்” என்று ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே பஸ் ஏறினார். டிக்கெட்டும் அவரே எடுத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியிருந்தார். வீட்டில் இருந்த ஒரே மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாவி அவர் மடியில் இருந்தது. இவர் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வயிறு எரிய எரிய முதலாளிக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த மனுஷனாச்சே. சர்க்கரையை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போட்டேன்.

“அவரு வண்டிய பாக்கட்டும் மொதலாளி. அதுக்கப்பறம் சாவிய எடுத்துக்கினு போங்க” என்றேன். பார்க்கட்டும் என்று முதலாளி கையை அசைத்தார்.

மெக்கானிக் முதலில் டர்போவிலிருந்து புகைக்குழாய்க்குத் திரும்புகிற வளைவைக் கழற்றினார். உள்ளே கருப்பாக, ஈரமாக இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டு விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

“எண்ண இங்கதான் போவுது மொதலாளி. எந்த டின்னுலயும் போவல.”

“ரெண்டு தடவ சீல் மாத்தினியே, அப்பறமும் இன்னாத்துக்கு போவுது?” என்றார் முதலாளி, விரலை வேப்பமரத்தில் துடைத்துக்கொண்டே. “புது சீல வச்சிகினு கசியுதுன்னா, ஒண்ணு நீ ஒழுங்கா மாட்டல. இல்ல இவன் வண்டிய இன்னாமோ பண்றான்.”

மெக்கானிக் டர்போவின் தண்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார், முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். ஆட்டம் இல்லை. முதலாளியிடம் சாவி வாங்கி வண்டியைக் கிளப்பி, இன்ஜின் மூச்சு விடுகிற குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதுவும் சரியாக இருந்தது. வண்டியை அணைத்து, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் குந்தி டர்போவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்குத்தானே பேசிக்கொள்வது மாதிரி ஆரம்பித்தார்.

“மேல இருக்கற சின்ன பைப்புல எண்ண அழுத்தமா உள்ள வருது. வேலய முடிச்சிட்டு கீழ இருக்கற பெரிய பைப்பு வழியா தானா கீழ வுழுவணும். வுழுவலன்னா?”

நான் சொன்னேன். “முத்தத்துல தண்ணி போற வழி அடச்சிக்கினா வூட்டுக்குள்ளதான் வரும்.”

“அதேதான் அண்ணி” என்று எழுந்தார். கீழே இருந்த குழாயைக் கழற்றினார். கம்பி ஒன்றை உள்ளே விட்டார். கம்பி பாதியில் நின்றுவிட்டது. குழாயைத் திருப்பித் தரையில் தட்டினார். கரி உதிர்ந்தது. தட்டத் தட்ட உதிர்ந்துகொண்டே இருந்தது. நடுவில் ஊசி போகிற அளவுக்குத்தான் வழி இருந்தது.

மெக்கானிக்கின் முகம் மாறியது. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, லோடு இழுத்துக்கினு வந்த வண்டிய, நின்னவொடனே டக்குனு ஆஃப் பண்ணுவீங்களா? டர்போ நெருப்பா இருக்கும். இன்ஜின் நின்னா எண்ண ஓட்டமும் நின்னுடும். உள்ள நிக்கற எண்ண அந்த சூட்டுலயே தீஞ்சி கரியாப்பூடும்.”

எனக்கு உடனே புரிந்தது. களி கிண்டுகிறபோது அடுப்பை எரியவிட்டுவிட்டுத் துடுப்பை எடுத்துவிட்டால் அடிப்பிடிக்காமல் என்ன செய்யும்? இது தெரிய ஸ்பேனர் பை வேண்டாம்.

இவர் அசையாமல் நின்றார். “நான் எதுக்குப்பா ஆஃப் பண்ணப்போறேன்” என்றார். “ஏத்துற எடத்துல, எறக்கற எடத்துல, வூட்ல. அவ்ளோதான். அங்கயும் கொஞ்சம் ஓடவுட்டுதான் நிறுத்துவேன். வழில எங்கயும் நிறுத்தறது இல்ல.”

வழியில் எங்கேயும் நிறுத்துவதில்லை. இதை முதலாளிக்கு முன்னால், மெக்கானிக்குக்கு முன்னால், எனக்கு முன்னால் சொன்னார். சாவி, வேலை, திருட்டுப் பட்டம் எல்லாம் ஒரே நொடியில் என் மண்டையை விட்டுப் போய்விட்டது. ஐந்து வருஷமாக மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது மட்டும் மிஞ்சியது.

“எங்கயும் நிறுத்தறது இல்லயா?” என்றேன். “அப்ப மாதா கோயிலாண்ட?”

“ஏய், உள்ள போ.”

“நான் ஏன் உள்ள போறன்? தெனம் கேட்டப்பலாம் நிறுத்துனேன்னு சொன்னியே. மாதாகிட்ட வாக்கு குடுத்துட்டு வந்தவ நானு. நீ ஒரு நாள்கூட நிறுத்தல. என்னயும் ஏமாத்தி மாதாவயும் ஏமாத்தி இருக்க. எனக்கு அப்பவே தெரியும்யா உன்ன.”

முதலாளி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இப்படி ஒரு சண்டையை அவர் எதிர்பார்க்கவில்லை. மெக்கானிக் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, “அண்ணி, இன்னா சமாச்சாரம், மொள்ள சொல்லுங்க” என்றார். நான் மெள்ளச் சொல்லவில்லை. ஆற்றுச் சரிவு, பிரேக், புளியமரம், வேண்டுதல், இன்ஜினை அணைப்பது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டிவிட்டு, “கேளு, நிறுத்துனாரான்னு நீயே கேளு” என்றேன்.

“நிறுத்தலப்பா” என்றார் இவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு. “பொம்பள சொல்றான்னு நடுரோட்ல வண்டிய நிறுத்துவாங்களா?”

மெக்கானிக் குழாயை ஒரு தடவை பார்த்தார், இவரை ஒரு தடவை பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு விரலில் கரியைத் தொட்டு என் முன்னால் நீட்டினார்.

“அண்ணி, அண்ணன் பொய் சொல்றாரு. பைப்பு பொய் சொல்லாது. ஒரு நாள் ரெண்டு நாள் நிறுத்துனா இவ்ளோ கரி புடிக்காது. புது வண்டி எடுத்த நாள்லருந்து, தெனம் தெனம், சூடு ஆறாம நிறுத்தி இருக்காரு. போறப்பவும் நிறுத்தி இருக்காரு, வரப்பவும் நிறுத்தி இருக்காரு. உங்க வேண்டுதல் ஒரு நாளுகூட தப்பல.”

நான் இவர் பக்கம் திரும்பினேன். இவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. கோயில் உண்டியலில் கையை விட்டுக் கையும் களவுமாகப் பிடிபட்டவன்கூட அப்படி நின்றிருக்கமாட்டான்.

முதலாளிதான் முதலில் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். “எண்ணய விக்கல. மாதாவுக்கு வெளக்கெரிச்சி இருக்கான்” என்றார். “எங்க ஐயனாரு ரெண்டு ஹாரன் அடிச்சா போதும்னு வுட்டுடுறாரு. உங்களுக்கு இன்ஜின வேற நிறுத்தணுமா?” சாவியை எடுத்து, இவரிடம் கொடுக்காமல், என் கையில் வைத்தார். “வேண்டிக்கினது நீ. நீயே குடும்மா.”

நான் அதை இவர் சட்டைப் பையில் போட்டேன். விழாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். அந்தக் காலைப்பொழுதில் வேலை போகும் என்று நான் பயந்த பயமெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

மெக்கானிக் அந்தக் குழாயை டீசலில் ஊறவைத்து, கம்பியால் குடைந்து, ஊதிப் பார்த்துத் திருப்தியானதும் பூட்டினார். தீய்ந்த எண்ணெயை மாற்றினார். வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டர்போவுக்கு அடியில் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

“வேண்டுதல வுட வேணாம். வண்டிய நிறுத்துங்க, ஆனா ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவுட்டு அப்பறம் அணைங்க. அதுக்குள்ள சூடு கொறஞ்சிடும். ஒரு ஜெபம் எவ்ளோ நேரம் ஆவும் அண்ணி?”

நான் உதட்டுக்குள்ளேயே வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு நிமிஷத்துக்குப் பத்து தடவையாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று கணக்குப் பண்ணினேன். “அப்ப பத்து சொல்லட்டும். ஓடும்போது பத்து, அணைச்சப்பறம் பழையபடி ஒண்ணு” என்றேன். ஒன்றுக்கே இத்தனை பாடுபட்ட மனுஷன் தலையில் பத்து விழுந்தது. அப்போதும் அவரைக் கேட்கவில்லை. வண்டி அதற்கப்புறம் எண்ணெய் குடிக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் முதலாளியும் மெக்கானிக்கும் போனபிறகு இவர் மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, சோப்புப் போட்டு, சாப்பிட உட்கார்ந்தார். கருவாட்டுக் குழம்பு. நான் எதிரில் உட்கார்ந்தேன்.

“ஏன்யா பொய் சொன்ன? சாவி போவுற நேரத்துலகூட ஏன் சொல்லல?”

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். “திருடன்னா ஒரு மாசம் பேசுவானுங்க. ஸ்டாண்டுல எவன்தான் திருடல? ஜெபம் சொல்றேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் சாமியாருன்னு கூப்புடுவானுங்கடி. நான் எத்தினி பேர கூப்ட்டிருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “அந்தக் கரி எதனாலன்னு பைப்ப கழட்டுனப்பறம்தான் உனக்கு தெரியுமா?” என்று கேட்டேன்.

இவர் கருவாட்டு முள்ளை எடுத்துத் தட்டோரமாக வைத்தார். “வண்டி எடுத்த அன்னிக்கே கம்பெனி ஆளு சொன்னான்” என்றார் கடைசியில். “சூட்டோட நிறுத்தாத, டர்போ வீணாப்பூடும்னு.”

“தெரிஞ்சிகினேவா நிறுத்துன?”

“இன்னா பண்றது? நீ மாதாகிட்ட சொல்லிட்டு வந்துட்ட. நிறுத்த முடியாதுன்னு வந்து சொன்னா நீ பயப்படுவ. ஒவ்வொரு லோடுக்கும் நான் திரும்பி வரவரைக்கும் வாசல்லயே குந்திகினு இருப்ப.”

அதைச் சொல்லிவிட்டுக் குழம்பு கேட்டார். கரண்டியைக் கையில் எடுத்தேன். நான் மாதாவை நம்பினேன், எண்ணெய்க் குச்சியை நம்பினேன், ஊரார் பேச்சைக்கூட அரை நாள் நம்பி இவர் சீட்டுக்கு அடியில் டின்னைத் தேடினேன். தினமும் எனக்காக நடுரோட்டில் வண்டியை அணைத்தவரை மட்டும் ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் நம்பவில்லை. வெட்கமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் தெரியவில்லை. சட்டியில் இருந்ததிலேயே பெரிய கருவாட்டுத் துண்டை எடுத்து இவர் தட்டில் வைத்தேன். பிறகு என் தட்டில் இருந்ததையும் எடுத்து வைத்தேன்.

இவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் பயம் வந்துவிட்டது.

“இன்னாடி,” என்றார், “திரும்ப எதுனா வேண்டிக்கினியா?”